சங்கரியின் கறி விரதம்

சங்கரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். வயிற்றில் இருக்கிற பிள்ளை பிறந்து கைக்கு வருகிறவரை வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது. வளையல் கேட்கவில்லை, மாடி வீடு கேட்கவில்லை. ஆனால் மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்பது மாடி வீடு கேட்பதைவிடப் பெரிய ஆசை. அதை அவளிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அவள் எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர், அதுவும் பாதி உயரத்துக்கு உப்பு அரித்த சுவர். என் பெயர் ஸ்வர்ணலதா. அவ்வளவு நீளமாகக் கூப்பிட இந்தச் சந்தில் யாருக்கும் பொறுமை கிடையாது, லதாதான். என் மாமனார் காலத்தில் நகரசபைத் துப்புரவு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். என் வீட்டுக்காரருக்கும் அதே வேலை. நான் எர்ணாகுளத்தில், பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் நைட்டி விற்கிறேன்.

சங்கரி கம்பம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் புருஷன் பாண்டித்துரை, எருமை ஏற்றிவரும் லாரியோடு கேரளத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவன். ஒரு தடவை லாரி மட்டும் திரும்பிப் போனது, அவன் போகவில்லை. எங்கள் பஜாரில் ஒரு எருமைக் கறிக்கடையில் வெட்டு வேலைக்கு நின்றுவிட்டான். எருமைக் கடாவை இங்கே போத்து என்பார்கள், கடையைப் போத்துக்கடை என்பார்கள். பார்க்க முரடன் மாதிரி இருப்பான். சங்கரி கொஞ்சம் குரலை உயர்த்தினால் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுவான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் எதிரே ஷபானா வீடு. பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம், தமிழும் மலையாளமும் அவள் வாயில் ஒன்றாகத்தான் வரும். புருஷன் துபாயில். அந்தக் காசில் தரையை உயர்த்தி, படி வைத்துக் கட்டிய வீடு. சந்திலேயே தண்ணீர் தொடாத வீடு அது ஒன்றுதான்.

சங்கரி வந்த புதிதில் ஷபானா அவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு வேலி கேறும் கேட்டியா, சாதனமொக்க மேல எடுத்து வெச்சுக்கோ" என்றாள். இங்கே வேலி என்றால் ஓதம். கடல் காயலுக்குள் ஏறி, காயல் வாய்க்காலுக்குள் ஏறி, வாய்க்கால் எங்கள் வாசலுக்கு ஏறுவதுதான் வேலியேற்றம். கம்பத்துக்காரிக்கு அது எப்படித் தெரியும்? யாரோ வேலியேறிக் குதித்து வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறான் என்று எடுத்துக்கொண்டாள். பாத்திரங்களைக் கயிறு போட்டுக் கட்டினாள். தலைமாட்டில் அரிவாளை வைத்துக்கொண்டு படுத்தாள். காலையில் பாயே மிதந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. முதல் பிள்ளை ஐந்தாம் மாதம். தண்ணீர் வடிந்த பிறகு அடுப்படித் தரையில் வழவழவென்று ஒரு பாசி படியும். அதில் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என்னிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணி எடுத்துட்டுப் போயிருச்சுக்கா." அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை அவள் ஒரு ஆளாகத்தான் பேசினாள். வந்தான், போனான் என்று சொல்லாததுதான் குறை.

அந்தத் தண்ணீர் வருவதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மழை இருக்காது, காற்று இருக்காது. மேலே பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். குளியலறைத் துவாரத்தில் குபுக்கென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான் அறிவிப்பு. பிறகு தரை மெல்ல நனையும். நாங்கள் கல்யாணமாகி வந்த காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். இப்போது குளிர்மாதங்களில் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வருகிறது. உப்புத் தண்ணீர் நின்று நின்று கதவின் கால்பகுதி உளுத்துவிட்டது. கேஸ் சிலிண்டரின் அடி துருப்பிடித்துக் கையோடு வருகிறது.

சங்கரி மறுபடி முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம் கழிந்ததும் என் வீட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். தனியாக இருக்கப் பயம். அன்று என் மகள் ஸாதனா தரையில் ஒரு பெரிய அட்டையைப் பரப்பி எருமை வரைந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் ஏதோ சுற்றுச்சூழல் சங்கம், அதற்கு இவள் செயலாளர். எருமையின் வாயிலிருந்து கறுப்பாக மேகம் வந்துகொண்டிருந்தது.

"இதென்னடி, எருமை சுருட்டுக் குடிக்குது?" என்றாள் சங்கரி.

ஸாதனா தமிழ்ப் பெண்தான். ஆனால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மலையாளத்தில் மேடையேறிப் பிளந்து கட்டுவாள். தமிழில் எங்களிடம் கேட்டுப் பழகிய நாலு வார்த்தைதான் அவளுக்கு முதல். அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு உலகத்தை விளக்கப் புறப்பட்டாள்.

"சுருட்டில்லக்கா, ஏப்பம். ஈ போத்தும் பசுவுமொக்க ஏப்பம் விடும்போ ஒரு வாயு வரும். அது மேல போய்ச் சூட்டப் பிடிச்சு வெக்கும். சூடு கூடினா ஐஸ் மலையொக்க உருகும், கடல் பொங்கும். கடல் பொங்கினா வேலி கூடும். எறச்சிக்கு வேண்டித்தானே இத்தன மாட்ட வளக்கறாங்க? பருப்பும் பயறும் தின்னா இத்தன கேடில்ல. எறச்சி திங்கறத நிறுத்தினா வேலி இங்ஙன ஏறாது."

நிறுத்தினா. நான் அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அந்த வார்த்தையை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யார் நிறுத்தினால்? நம் பேச்சில் அந்த வார்த்தைக்கு ஆள் கிடையாது. நான் நிறுத்தினாலும் நிறுத்தினா, நீ நிறுத்தினாலும் நிறுத்தினா, உலகமே நிறுத்தினாலும் நிறுத்தினா. ஸாதனா மனசில் உலகம் இருந்தது. சங்கரி தன்னை வைத்துக்கொண்டாள்.

ஸாதனா சொன்னது பொய்யில்லை. என் மகள் என்பதால் சொல்லவில்லை, நானும் பிறகு நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். மாட்டின் ஏப்பத்துக்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டு. கூடவே, எங்கள் வாய்க்காலைத் தூர் வாராததும், காயலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியதும், இன்னும் என்னென்னவோ உண்டு. அட்டையில் எருமைக்கு மட்டும்தான் இடம் இருந்தது. அட்டை எழுதிய மகாராணியோ போத்தை விட்டாளே தவிர, சினேகிதிகளோடு போய்ச் சுட்ட கோழியை ஒரு பிடி பிடிப்பாள். கேட்டால், கோழி ஏப்பம் விடாதாம்.

அது புரட்டாசி மாதம். எங்கள் ஆட்கள் புரட்டாசியில் எப்படியும் கறி தொட மாட்டோம். அமாவாசை, கிருத்திகை என்றாலும் அப்படித்தான். கறியை விடுவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், விரதம். சாமிக்கு ஒன்றை விட்டுக்கொடுப்போம், சாமி ஒன்றைக் கொடுக்கும். சங்கரியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். புரட்டாசி முடிந்து சந்தே மீன் சட்டியை ஏற்றியபோது அவள் ஏற்றவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். பிள்ளை கைக்கு வருகிறவரை கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை.

"மீனுக்கும் ஏப்பத்துக்கும் என்னடி?" என்று கேட்டேன்.

"விரதம்னா விரதம்தாங்க்கா. பாதி விரதம் உண்டா?"

ஐப்பசி அமாவாசைக்குத் தண்ணீர் வந்தது. சந்துக்குள் நுழைந்தது, எங்கள் இரண்டு வீட்டுப் படிவரை ஏறியது, அங்கேயே நின்று திரும்பிப் போய்விட்டது. அந்த மாதம் ஓதம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். சங்கரி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படியில் நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு இது நல்லதுக்கில்லை என்று தோன்றியது.

கார்த்திகைப் பௌர்ணமிக்குக் குளியலறைத் துவாரம் சத்தம் போட்டது. தண்ணீர் அடுப்படிவரை வந்து நின்றது. வேறொருத்தியாக இருந்தால் விரதம் பொய் என்று விட்டிருப்பாள். இவள் விரதத்தில் ஓட்டை எங்கே என்று தேடினாள். நேராக ஸாதனாவிடம் வந்து, "பால் எதுலேர்ந்து வருது? அந்த மாடும் ஏப்பம் விடுமா?" என்று கேட்டாள். பொய் சொல்லத் தெரியாத பெண், விடும் என்றாள். அன்றோடு பாலும் போயிற்று, மோரும் போயிற்று.

சைவம் சாப்பிட்டு நன்றாக இருக்கிறவர்கள் கோடிப்பேர் இருக்கிறார்கள். அவர்கள் பருப்பும் கீரையும் கொண்டைக்கடலையும் தயிரும் சாப்பிடுகிறார்கள். சங்கரி சாப்பிட்டது சோறும் ரசமும் ஊறுகாயும். பருப்பு வேகிற வாசனை அவளுக்குக் குமட்டியது, கீரை நெஞ்சில் நின்றது. இரும்புச் சத்து மாத்திரையைப் போட்டால் போட்ட வேகத்தில் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்த நர்ஸ், "ரத்தம் தீரே போரா", போதவே போதாது என்று கையை விரித்தார். ஈரல் சாப்பிடு, முட்டை சாப்பிடு, பேரீச்சம்பழமாவது சாப்பிடு என்று படித்துப் படித்துச் சொன்னார். சங்கரி தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், "அவங்க வீட்டுக்குத் தண்ணி வராதுக்கா" என்றாள்.

பாண்டித்துரையின் பாடு பெரும்பாடு. நாள் முழுக்கக் கறியில் நின்று வேலை செய்கிறவன். அவன் வீட்டில் ரத்தமில்லாமல் ஒருத்தி வெளுத்துக்கொண்டு வருகிறாள். வாசல் குழாயில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவான். ஒருநாள் வாழையிலையில் ஈரலைப் பொதிந்துகொண்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, இத அரைச்சு அடைமாவுல கலந்து சுட்டுக் குடுங்க. நீங்க குடுத்தா வாங்கித் திம்பா."

செய்தேன். மிளகும் சோம்பும் அள்ளிப்போட்டு வாசனையை அமுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோனவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை. பரிதாபமாகப் பார்த்தாள், ஏதோ நான்தான் விவரம் தெரியாத பிள்ளை மாதிரி.

"முறிஞ்சிருச்சுன்னா தண்ணிக்குத் தெரியும்க்கா. அமாவாசையன்னைக்கு நம்ம ஆளுக யாரும் கறி திங்கறதில்ல. அது அன்னைக்குத்தானே வருது? யாரு முறிச்சான்னு பாக்கத்தான் வருது."

நிலவு இழுப்பதால்தான் அன்று ஓதம் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை.

இதை இப்படியே விடக் கூடாது என்று ஸாதனாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "நீதான ஆரம்பிச்ச? நீயே ஒழுங்காச் சொல்லித் தொலை" என்றேன். ஸாதனா பாவம், சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒராள் விட்டா போராதுக்கா. லோகம் முழுக்கக் கொறைக்கணும். அதும் இப்ப விட்டா இப்பக் கொறையாது, எத்தனையோ வருஷம் எடுக்கும். நீ தின்னு அக்கா, உனக்கு ரத்தம் வேணும்" என்றாள்.

சங்கரி கவனமாகக் கேட்டாள்.

"லோகம் முழுக்கன்னா, நம்ம சந்தும் அதுல சேத்திதானே?"

மூன்றாம் நாள் அவள் ஷபானா வீட்டுப் படியேறினாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், என் கண்ணெதிரேதான் நடந்தது. ஷபானா அவளைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். சங்கரி உட்காரவில்லை.

"அக்கா, ஒரு உபகாரம். எனக்குப் பிள்ள பொறக்கற வரைக்கும் உங்க வீட்டுல போத்துக்கறி வாங்காம இருக்கீங்களா?"

ஷபானாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். நாட்டில் என்ன நடக்கிறது என்று எல்லோரும்தான் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாட்டுக்கறி வைத்திருந்தான் என்று ஆளை அடிப்பதை, அடித்ததைப் படம்பிடித்துப் போடுவதை. ஒரு இந்துப் பெண் முஸ்லிம் வீட்டு வாசலில் நின்று நீ போத்து தின்னாதே என்றால் அதற்கு இந்தக் காலத்தில் வேறு அர்த்தமே இல்லை. சங்கரியிடம் இருந்தது வேறு அர்த்தம். அதை விளக்க அவளுக்கு எருமை ஏப்பம், ஐஸ் மலை, கடல் எல்லாம் வேண்டியிருந்தது. அவளுக்கோ வாய் வரவில்லை.

"இது ஆரு சொல்லித் தந்தது உனக்கு?" என்றாள் ஷபானா. குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"யாரும் இல்லக்கா. தண்ணி..."

"உன் மாப்பிள்ள போத்து வெட்டித்தானே நீ சோறு திங்கற?"

கதவு சத்தமில்லாமல் மூடியது. நான் துணியைப் போட்டுவிட்டு ஓடி, விஷயம் அதுவல்ல என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே டிவி சத்தம் கூடியது.

பாண்டித்துரை வந்து கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "நம்ம பொழப்பே இவங்களாலதான் ஓடுது. என்ன காரியம்டி பண்ணிட்டு வந்திருக்க?" என்று முதல்தடவையாக அவளைப் பார்த்துக் கத்தினான். பிறகு போய் ஷபானாவிடம் மன்னிப்புக் கேட்டான். "சாரமில்ல" என்றாள் அவள். பரவாயில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் அவள் வீட்டிலிருந்து சங்கரிக்கு வந்துகொண்டிருந்த பத்திரி ரொட்டித் தட்டு வரவில்லை.

சங்கரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி என்னிடம் சொன்னாள்: "அந்தப் படிய இனி மிதிக்க மாட்டேன்க்கா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மிதிப்பேன்?"

அந்த வாரம்தான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மண்டபத்தில் ஒரு பெரிய கல்யாணம். மறுநாள் வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் வந்து படுத்துக்கொண்டார். மண்டபத்துப் பின்பக்கம் கோழியும் ஆடும் போத்துமாகத் தொடாத பிரியாணி, மூட்டை மூட்டையாக. பாதியை ராவோடு ராவாக வாய்க்காலில் தள்ளியிருந்தார்கள், மீதியை இவர்கள் வாரினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏப்பத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டிய தண்ணீர் அந்த மண்டபத்துப் படியில் ஏறுவதில்லை. அது மேட்டில் இருக்கிறது. ஒரு துண்டு ஈரலைத் திருப்பிக் கொடுத்தவள் வீட்டுக்குத்தான் வழி தெரிந்து வருகிறது. இதை ஸாதனாவிடம் சொன்னேன். அவள் அட்டைகளை எல்லாம் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

மார்கழி போயிற்று. சங்கரிக்கு எட்டாம் மாதம். உடம்பில் வயிறு மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அப்படித்தான் இருந்தாள். வயிற்றைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. கால் வீங்கி, உதடு வெளுத்து, நாலடி நடந்தால் மூச்சு வாங்கினாள். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், வந்து படுத்துக்கொள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். தை அமாவாசை கழியட்டும் என்றாள். அன்று வீட்டில் இருந்து வாசலைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

தை அமாவாசைக்கு நாங்கள் குடும்பத்தோடு ஆலுவா போனோம், மாமனாருக்குத் திதி கொடுக்க. அன்று ஞாயிற்றுக்கிழமையும்கூட. போத்துக்கடையில் கூட்டம் நெரியும், பாண்டித்துரை விடிவதற்கு முன்பே போய்விட்டான். வெட்டுகிற இடத்தில் கையெல்லாம் ரத்தமும் கொழுப்புமாக இருக்கும், போனைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவான்.

நடந்ததைப் பிறகுதான் சேர்த்துப் புரிந்துகொண்டோம். தண்ணீர் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் வந்தது. குளியலறைத் துவாரமும் வாசலும் ஒன்றாகத் திறந்துகொண்டன. அமாவாசை விரதம் என்று சங்கரி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அரிசி டப்பாவைக் கட்டில்மேல் தூக்கி வைத்தாள். அடுத்து சிலிண்டரை நகர்த்தப் பார்த்திருக்கிறாள். அப்போது வலி எடுத்தது. பாண்டித்துரைக்குப் போன் போட்டாள், அது ஆணியில் தொங்கிக்கொண்டு அடித்தது. எனக்குப் போட்டாள், நான் ஆற்றில் இறங்கி நின்றுகொண்டிருந்தேன்.

வாசலுக்கு வந்திருக்கிறாள். எதிரே உயர்த்திக் கட்டிய வீடு, உலர்ந்த திண்ணை, உள்ளே ஆள். சந்தைக் கடந்தால் போதும். கடக்கவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஜன்னலைத் திறந்த ஷபானா, சங்கரி வாசலில் தண்ணீரின் நிறம் மாறியிருப்பதைப் பார்த்தாள்.

முட்டளவுத் தண்ணீரில் ஷபானாதான் ஓடினாள். ஆட்டோ சந்துக்குள் வரமாட்டேன் என்றது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சங்கரியை உட்காரவைத்து, தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு, தானும் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது ஷபானாவின் உடுப்பு இடுப்புவரை நனைந்து கறையாக இருந்தது. என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அலறினாள்.

"ஒண்ணு தட்டியிருந்தாப் போதுமே லதா! ஒண்ணு கூப்பிட்டிருந்தா நான் வரமாட்டேனா?"

பெண் குழந்தை. அழவில்லை.

ரத்தம் ஏற்றி ஏற்றிச் சங்கரியைப் பிழைக்கவைத்தார்கள். கடைக்காரர்கள், வெட்டுகிற பையன்கள், ஷபானாவின் தம்பி என்று வரிசையில் நின்று கொடுத்த ரத்தம். பாண்டித்துரை குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனான். போத்தின் தொடையை ஒற்றைக்கையால் தூக்குகிறவன். அந்தச் சின்னப் பொட்டலத்தை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தடுமாறினான்.

அவள் வீட்டுக்கு வந்தது பௌர்ணமிக்கு முந்தின நாள். எங்கள் வீட்டிலோ ஷபானா வீட்டிலோ இரு என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸாதனா அவள் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். தமிழ் வரவில்லை. மலையாளமும் வரவில்லை.

"அழுவாத புள்ள" என்றாள் சங்கரி. "நீ சொன்னது நெசம்தானே?"

ஸாதனா என்னைப் பார்த்தாள். பிறகு, "நெசம்தான்க்கா" என்றாள்.

"அப்பச் சரி."

மறுநாள் மத்தியானம் ஷபானா ஒரு தூக்கில் ஈரல் வறுவலும் சோறும் கொண்டுவந்தாள். கொடுக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். சங்கரி கையை நீட்டி வாங்கினாள். மூடியைத் திறந்து, தட்டில்கூடப் போடாமல், தூக்கிலிருந்தே அள்ளி அள்ளித் தின்றாள். ஸாதனா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பசியை வைத்துக்கொண்டுதான் அத்தனை மாதமும் இருந்திருக்கிறாள்.

குளியலறைப் பக்கம் குபுக்கென்று சத்தம் கேட்டது. ஸாதனா துள்ளி எழுந்தாள். ஷபானா உள்ளே வந்து, "வேலி கேறுது. வாடி, எங்க வீட்டுக்கு வந்துரு. எழுந்திரி" என்று அவள் தோளைத் தொட்டாள்.

சங்கரி தூக்கின் அடியை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டும்க்கா" என்றாள். "இனி வந்து எதை எடுக்கப் போகுது?"

தண்ணீர் கட்டிலுக்கு அடியில் வந்து அவள் பாதத்தைத் தொட்டது. அவள் காலை மேலே எடுக்கவில்லை.